இரும்பு மனுசனுக்கு நான் சொன்ன முடிவு

சூரியநெல்லிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் பள்ளிக்கூட டீச்சராக வேலை பார்த்தேன். ஐம்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்திரண்டு வயது. அப்பா திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் உபதேசியார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மைக் இல்லாமலே கடைசிப் பாய் வரைக்கும் கேட்கும்படி பிரசங்கம் செய்வார். அந்தத் தொண்டை எனக்கும் வந்திருந்தது. இங்கிலீஷும் கொஞ்சம் வரும். இந்த இரண்டும் இல்லாதிருந்தால் இந்தக் கதையில் எனக்கு வேலையே இருந்திருக்காது.

எஸ்டேட்டில் இரண்டு தொரைகள். பெரிய தொரையை விட அவருடைய ஜீப்பைத்தான் நாங்கள் அதிகம் பார்த்திருக்கிறோம். சின்னத் தொரை அவருக்கு அடுத்த அதிகாரி. ஃபேக்டரிக்குப் பின்னால் இருந்த சிறிய பங்களாவில் தனியாக வசித்த வெள்ளைக்கார வாலிபர். ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பார். வெட்கம் வந்தால் காது இரண்டும் தக்காளியாகிவிடும். தமிழ்ப் பரீட்சையில் தேறினால்தான் அவருக்கு வேலை உறுதி என்பதால் ஒரு முன்ஷியிடம் தமிழ் படித்திருந்தார். அந்த முன்ஷி இலக்கணத்தில் கெட்டிக்காரராக இருந்திருக்க வேண்டும். கொட்டுகிற ஆடி மழையில், கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்து எடுக்கும் பெண்களிடம் போய் நின்று, "பெண்களே, மழை பெய்கின்றது. நீங்கள் நனைகின்றீர்களா?" என்று கேட்பார். "ஆமா தொரை, நனையுதோம்" என்று பணிவாகச் சொல்லிவிட்டு, அவர் வளைவைத் தாண்டும் வரைக்கும் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அதற்கப்புறம் அந்தச் சரிவு முழுக்கச் சிரிப்பாக இருக்கும்.

என்னை "ஆசிரியை அவர்களே" என்று கூப்பிட்ட ஒரே மனிதர் அவர்தான். ஒருநாள் மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கு வந்து அப்படித்தான் ஆரம்பித்தார். அவரிடம் சினிமா காட்டும் சிறிய மெஷின் ஒன்று இருந்தது. அவருடைய நாட்டிலிருந்து ஒரு பழைய படத்தைத் தபாலில் வரவழைத்திருந்தார். பேசாத படம். நடுநடுவே இங்கிலீஷில் எழுத்துப் போடுவார்கள். அதை நான் தமிழில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். படம் எதைப் பற்றி என்று கேட்டேன். அவரும் பார்த்ததில்லை. பெட்டியின் மேல் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, இயந்திரங்கள் மனிதரை ஆளப்போகும் எதிர்காலத்தைப் பற்றிய எச்சரிக்கை என்றார். கூலிக்காரர்களுக்கு இது பிடிக்குமா என்று அவருக்கே சந்தேகம் இருந்தது.

படம் காட்டக் கரண்ட் வேண்டும். அது ஃபேக்டரி எஞ்சினிலிருந்துதான் வர வேண்டும். அந்த எஞ்சினை ஓட்டியவர் எங்கள் மதினியின் வீட்டுக்காரர்.

மதினி எனக்கு மட்டும் மதினி அல்ல. லயத்து வரிசை வீடுகளில் உள்ள அத்தனை பேருக்கும், சொல்லப்போனால் அவளை விட மூத்தவர்களுக்கும், அவள் மதினிதான். முப்பத்தைந்து வயதிருக்கும். கொழுந்து எடுப்பதில் கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும். அவளுக்கு இருந்த ஒரே மனக்குறை அந்த எஞ்சின். அவள் புருஷன் காலையில் எழுந்ததும் பழந்துணியும் எண்ணெய்க் குப்பியுமாகப் போய் அதைத் துடைப்பார், தடவிக் கொடுப்பார், காதை வைத்து அதன் மூச்சைக் கேட்பார். வீட்டுக்கு வந்தால் பேச்சே இருக்காது. எஞ்சினுக்கு மதினி வைத்திருந்த பெயர் சக்களத்தி. "சக்களத்தி இன்னைக்கு நல்லா இருமுதா டீச்சர், அதான் மனுசன் சோறு திங்காம இருக்காரு" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெபம் முடிந்து மத்தியானச் சாப்பாடும் ஆன பிறகு, ஃபேக்டரியின் மேல்மாடியில் கூடினோம். பச்சைக் கொழுந்தை வாட்டுவதற்காகப் பரப்பும் இடம் அது. நீளமாக, நிறைய ஜன்னல்களோடு இருக்கும். எல்லாரும் தங்கள் தங்கள் கம்பளியைக் கொண்டுவந்து ஜன்னல்களில் தொங்கவிட்டதும் பட்டப்பகல் இருட்டாகிவிட்டது. ஈரக் கம்பளியும் தேயிலையும் சேர்ந்து ஒரு வாசம். முன்னால் திரைக்காகக் கட்டிய ஒரு வெள்ளைத் துப்பட்டி. அதற்குப் பக்கத்தில், தகரத்தைச் சுருட்டிச் செய்த ஊதுகுழலோடு நான். பின்னால் மெஷினோடு சின்னத் தொரை.

கதை இதுதான். கடலுக்கு அப்பால் ஒரு பட்டணம். அங்கே ஒரு படித்த சோம்பேறி. குனிந்து செருப்பு மாட்ட அலுப்புப்பட்டு, தனக்கு ஒரு இரும்பு வேலைக்காரனைச் செய்கிறான். அதைப் பார்த்துவிட்டு ஊரே ஆளுக்கு ஒன்று வேண்டும் என்று கேட்கிறது. அப்புறம் சமைப்பது, துவைப்பது, பிள்ளைக்குத் தொட்டில் ஆட்டுவது எல்லாம் இரும்பு மனுசர்கள்தான். ஊர்க்காரர்கள் மெத்தையில் படுத்தபடி வாயை மட்டும் திறக்கிறார்கள். ஒரே ஒரு ரொட்டிக்காரி மட்டும் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தன் அடுப்பைத் தானே மூட்டிக்கொள்கிறாள்.

முதல் பகுதியில் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். இரும்பு மனுசர்களின் தலைவன் முதல் முறையாக வாயைத் திறக்கும் இடம் வந்தது. துப்பட்டியில் எழுத்து விழுந்தது. அவனுக்கு ஒரு குரல் கொடுக்க வேண்டுமே என்று யோசித்தேன். யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"பெண்ணே, நீ ஏன் இன்னமும் அடுப்பு மூட்டுகின்றாய்? உன் கைகள் நோகின்றனவா?"

மேல்மாடிப் பலகைகள் அதிரும்படி ஒரு சிரிப்பு எழுந்தது. சின்னத் தொரையின் குரல், அவருடைய நிறுத்தம், அவருடைய 'கின்றாய்' எல்லாம் அப்படியே வந்துவிட்டன. மதினி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவள் மேல் சாய்ந்தாள். சின்னத் தொரைக்குக் காரணம் தெரியவில்லை. மெஷின் சத்தத்தில் நான் என்ன சொன்னேன் என்பது அவருக்குச் சரியாகக் கேட்டிருக்காது. படம் ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். அவர் சந்தோஷப்பட்டது எனக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. அதற்கப்புறம் இரும்பு மனுசன் வாய் திறந்தபோதெல்லாம் முன்ஷியின் தமிழ்தான்.

பெண்களுக்குச் சந்தேகம் மேல் சந்தேகம். இரும்பு மனுசன் கொழுந்து எடுப்பானா என்று ஒருத்தி கேட்டாள். எடுத்தால் இளசு எது, முத்தல் எது என்று விரலுக்கு எப்படித் தெரியும் என்று இன்னொருத்தி. அட்டைப்பூச்சி அவனைக் கடிக்காது, அதில் அவனுக்கு ஒரு சுகம்தானே என்று மூன்றாவது குரல். அதைக் கேட்டதும் கூட்டத்தில் பாதிப் பேர் பொறாமையோடு துப்பட்டியைப் பார்த்தார்கள். எஞ்சின்காரர் கீழே எஞ்சினை விட்டுவிட்டுப் படிக்கட்டில் ஏறி நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. இரும்பு மனுசனின் முழங்கை மூட்டு எப்படி மடங்குகிறது என்பதையே பார்த்தார்.

படத்தில் இதற்குள் காரியம் முற்றிவிட்டது. இரும்பு மனுசர்களின் தலைவன் ஒருநாள் வேலையை நிறுத்திவிட்டுத் தன் கையைத் தானே திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். இந்த மனுசர்கள் எதற்கு என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. ஊரையே மெத்தைகளோடு பூட்டி வைக்கிறான். எழுந்து நடக்கும் சக்தி இருப்பது ரொட்டிக்காரி ஒருத்திக்குத்தான். அவள் வெறுங்கையோடு அவன் முன்னால் போய் நிற்கிறாள். அவன் இரும்புக் கையை ஓங்குகிறான். கூட்டத்தில் யாரும் இருமக்கூட இல்லை.

சுருள் முடிந்தது. சின்னத் தொரை கடைசிச் சுருளை மாட்டினார். துப்பட்டியில் ஒரு குளம் வந்தது. குளத்தங்கரையில் வாத்துகள் வரிசையாக நடந்து போயின. ஒரு கிழவர் அவற்றுக்குத் தீனி போட்டார். வாத்துகள் தின்றன. மறுபடியும் நடந்தன.

மதினிதான் முதலில் பேசினாள். "டீச்சர், இரும்பு மனுசன் வாத்தா மாறிட்டானா?"

பெட்டியில் யாரோ சுருளை மாற்றி வைத்து அனுப்பிவிட்டார்கள். சின்னத் தொரையின் காது இரண்டும் அந்த இருட்டிலும் தெரிந்தன. மெஷினை நிறுத்திவிட்டு என்னிடம் வந்து, சரியான சுருளுக்கு எழுதிப்போடுவதாகச் சொல்லி, அதுவரைக்கும் பொறுத்துக்கொள்ளும்படி எல்லாரிடமும் சொல்ல வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அவர் வருத்தத்தோடு மெஷினைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார்.

அவர் தலை மறைந்ததும் மதினி என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். இங்கிலீஷ் படித்தவளுக்கு முடிவு தெரியாமலா இருக்கும், சொல்லித்தான் ஆக வேண்டும் என்றாள். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை முகங்கள் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது தெரியாது என்று சொல்ல உபதேசியார் மகளால் முடியுமா?

ரொட்டிக்காரி சண்டையே போடவில்லை என்று ஆரம்பித்தேன். ஓங்கிய கையைப் பிடித்து, "இவ்வளவு பலம் இருக்கே, என்கூட வேலைக்கு வாரியா?" என்று கேட்டாள். இரும்பு மனுசனுக்கு ரோஷம் வந்துவிட்டது. கிளம்பிவிட்டான். அவள் அவனை ஒரு மலைக்குக் கூட்டிப்போனாள். எந்த மலை என்று கேட்டார்கள். கிட்டத்தட்ட நம்ம மலை மாதிரி என்றேன். மாசம் ஆனி. மழை பிடித்தது. அவன் முதுகில் கூடை, இடுப்பில் நனையாமல் கட்டும் சாக்குப் படங்கு. முதல் நாள் மடமடவென்று பறித்தான். இரண்டாம் நாள் கழுத்து திரும்பவில்லை. நாலாம் நாள் முழங்கை மடங்கவில்லை. மழையோ விடுகிற மாதிரி இல்லை. ஆடி முடிவதற்குள் தலையிலிருந்து கால் வரைக்கும் துரு ஏறி, எடுத்த கை எடுத்தபடி நடுச்சரிவில் நின்றுவிட்டான். வெயில் வந்த பிறகு பெண்கள் அவன் கையில் கம்பளியைக் காயப்போட்டார்கள்.

"அட்டை கடிக்கலையா?" என்று பின்வரிசையிலிருந்து கேள்வி வந்தது.

ஒரு அட்டை கடித்துப் பார்த்துவிட்டு, வாய் வீங்கி, மற்ற அட்டைகளிடம் போய் அழுதது என்றேன். கைதட்டலில் ஜன்னல் கம்பளிகள் இரண்டு கீழே விழுந்து வெளிச்சம் வந்தது. எஞ்சின்காரர் மட்டும் படிக்கட்டில் நின்றபடியே, எண்ணெய் போட்டு வைத்திருந்தால் துருப்பிடித்திருக்காது என்று முணுமுணுத்தார்.

அதற்கப்புறம் கொழுந்துக்காட்டில் சின்னத் தொரைக்கு இரும்பு மனுசன் என்றே பெயராகிவிட்டது. "இரும்பு வருது" என்று ஒருத்தி சொன்னால் எல்லாக் கைகளும் வேகமாக ஓடும்.

மழைக்காலம் முடிந்து பாதை சீரானதும், போடியிலிருந்து வந்த லாரியில் ஒரு மரப்பெட்டி இறங்கியது. ஆள் உயரம். அது ஃபேக்டரிக்குப் போகாமல் சின்னத் தொரை பங்களாவுக்குப் போயிற்று. பெட்டியைப் பிரித்து நிறுத்த எஞ்சின்காரரைக் கூப்பிட்டிருந்தார்கள். சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது முகத்தில் ஒரு பெருமை. மதினி என்னவென்று கேட்டாள். சாதாரணமாக நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷர் அன்றைக்கு நிதானமாகச் சொன்னாராம். "ஆள் ஒசரத்துக்கு நிக்கி. வெள்ளை வெளேர்னு இருக்கு. மண்ணெண்ணெ குடிக்கி. வயித்துக்குள்ள கொடகொடன்னு சத்தம் கேக்கு." அதற்கு மேல் கேட்டதற்கு, தொரை வீட்டு விஷயத்தை வெளியே சொல்லக்கூடாது என்று படுத்துக்கொண்டார்.

அவர் சொன்னதில் ஒரு பொய் கிடையாது. ஆனால் மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் மஸ்டரில் இந்தச் சேதி வாய்க்கு வாய் வளர்ந்து, வெயில் ஏறுவதற்குள் அது கையும் காலுமாக நடந்தது. சின்னத் தொரை கொழுந்து எடுக்க இரும்பு மனுசனை வரவழைத்துவிட்டார். முதலில் ஒன்று, அப்புறம் ஆளுக்கு ஒன்று. படத்தில் பார்க்கவில்லையா? சிலர் சிரித்தார்கள். ஆனால் எல்லாரும் சிரிக்கவில்லை. ஆள்குறைப்பு என்ற வார்த்தையை அவர்கள் அதற்கு முன்பே கேட்டிருந்தார்கள். அடுப்பு எரியுமா, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எந்த ஊருக்குப் போவது என்று ஒருத்தி நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மதினிக்கு அதைப் பார்த்ததும் கோபம் வந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் நான் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது வாசலில் கூடைகள் தெரிந்தன. முப்பது நாற்பது பெண்கள். கொழுந்துக் கூடையை முதுகிலிருந்து இறக்காமலே வந்திருந்தார்கள். தொரையிடம் நாலு வார்த்தை கேட்க வேண்டும், அவருடைய தமிழ் எங்களுக்குப் புரியாது, எங்கள் தமிழ் அவருக்குப் புரியாது, நீங்கள் வந்தால்தான் ஆகும் என்றாள் மதினி. துருப்பிடித்தவன் கதையைச் சொன்னது நான்தானே. பிள்ளைகளை உட்காரச் சொல்லிவிட்டுப் போனேன்.

பங்களா வாசலில் இவ்வளவு பேரைப் பார்த்ததும் சின்னத் தொரை சாப்பாட்டை விட்டுவிட்டுக் கைத்துணியோடு வெளியே வந்தார். நான் விஷயத்தை இங்கிலீஷில் சொன்னேன். இரும்பு மனுசன் என்ற இடம் வந்ததும் அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கதவை அகலத் திறந்து எல்லாரையும் உள்ளே வரும்படி கைகாட்டினார். எங்களில் ஒருவரும் அந்த வீட்டுக்குள் அதற்கு முன் கால் வைத்ததில்லை. கால் சேற்றைத் துடைத்துவிட்டு ஒருவர் பின் ஒருவராகப் போனோம்.

சமையல்கட்டுச் சுவரோரமாக அது நின்றது. வெள்ளையாக, மொழுமொழுவென்று, தலையோ கையோ இல்லாமல். அடியில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தது. வயிற்றுக்குள் கொடகொடத்தது. மதினி முன்னால் போய் அதன் நெஞ்சில் விரலால் இரண்டு தட்டு தட்டினாள்.

"ஏப்பா, கொழுந்து எடுக்கத் தெரியுமா உனக்கு?"

அது பதில் சொல்லவில்லை. சின்னத் தொரை பிடியை இழுத்தார். நெஞ்சு திறந்தது. உள்ளே வெண்ணெய்க் கட்டி ஒன்று, நாலைந்து முட்டை, ஒரு பாட்டில். குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. "உணவுப் பொருள்கள் கெடாதிருக்கும் பொருட்டு இது குளிர்ச்சியை உண்டாக்குகின்றது" என்று அவர் விளக்கினார்.

மதினி கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். எடுத்தாள். திரும்பி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். எங்கள் மலையில் தை மாசம் விடிகாலையில் புல்லின் மேல் வெள்ளையாக உறைபனி கிடக்கும். குடத்துத் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துவிடும்.

"தொரை, இந்த ஊர்ல குளுருக்கும் ஒரு பெட்டி வாங்கணுமா? வெண்ணெயைத் தூக்கி வாசல்ல வைங்க."

இதை மட்டும் நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவருக்கே புரிந்துவிட்டது. காதுகள் சிவந்தன. கொஞ்ச நேரம் வெண்ணெயையே பார்த்துக்கொண்டு நின்றவர், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அதற்கப்புறம்தான் எங்கள் பெண்களுக்கும் மூச்சு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டவளே உள்ளே இரண்டு தடவை கையை விட்டுப் பார்த்தாள். அன்றைக்குக் கொழுந்து குறைந்ததற்குப் பெரிய தொரை சின்னவரைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டதாகக் கேள்வி. அவர் என்ன காரணம் சொன்னார் என்று தெரியவில்லை. எங்கள் பக்கம் ஒரு வார்த்தையும் வரவில்லை.

வீட்டில் எஞ்சின்காரருக்கு அன்று சோறு போடப்படவில்லை. அது குளிர்ப்பெட்டி என்று ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "என் எஞ்சினை நீ சக்களத்தின்னு சொல்லும்போது எனக்கு மட்டும் சுகமா இருந்துச்சா" என்றாராம். மதினி மறுநாள் என்னிடம் இதைச் சொல்லிவிட்டு, இந்த மனுசனுக்கு இவ்வளவு பேச வருமா என்று அதிசயப்பட்டாள். அவளுக்குக் கோபத்தை விட அந்த அதிசயம்தான் பெரிதாக இருந்தது.

கிறிஸ்துமஸ் கழிந்து, சரியான சுருள் வந்து சேர்ந்தது. மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மறுபடியும் கம்பளிகள், அதே துப்பட்டி. சின்னத் தொரை படத்தை முதலிலிருந்தே போட்டார். ஜனங்கள் இரும்பு மனுசனின் பேச்சுக்காகக் காத்திருந்தார்கள், நான் ஏமாற்றவில்லை. ஆனால் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. முடிவு என்னவாக இருக்கும்? மழையும் துருவும் அதில் இருக்காது என்பது மட்டும் நிச்சயம்.

ரொட்டிக்காரி நின்றாள். இரும்புக் கை உயர்ந்தது. கடைசிச் சுருள் ஓட ஆரம்பித்தது. கை கீழே இறங்கும் முன், படத்தின் ஆரம்பத்தில் வந்த அந்தப் படித்த சோம்பேறி தன் கட்டிலில் திடுக்கிட்டு எழுந்தான். நெற்றி வேர்வையைத் துடைத்தான். பக்கத்தில் இரும்பு ஒன்றும் இல்லை. மனைவி சிரித்துக்கொண்டே காப்பி கொண்டுவந்தாள். அவன் குனிந்து தன் செருப்பைத் தானே மாட்டிக்கொண்டான். துப்பட்டியில் எழுத்து விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

"என்ன போட்டிருக்கு டீச்சர்?" என்றாள் மதினி.

"எல்லாம் கனவுன்னு போட்டிருக்கு" என்றேன்.

"அம்புட்டும் கனாவா?"

கோபம் ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனை வரை போயிற்று. கனாவைக் காட்டுவதற்கா இவ்வளவு நேரம் பலகையில் உட்கார வைத்தார்கள் என்றார்கள். பூட்டிக் கிடந்த ஜனங்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டார்கள். எஞ்சின்காரருக்குத்தான் எல்லாரையும் விட ஆத்திரம். அவ்வளவு அழகான மூட்டுகளை யாரும் கனவில் செய்ய முடியாது என்றார். கடைசியில் மதினி எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னாள். டீச்சர் சொன்னதுதான் கதையின் முடிவு; படம் எடுத்தவர்களுக்கு முடிக்கத் தெரியாமல் ஒருவனைக் கட்டிலிலிருந்து எழுப்பிவிட்டார்கள். கூட்டம் ஆமாம் என்றது.

சின்னத் தொரை மெஷினை நிறுத்திவிட்டு முன்னால் வந்தார். "ஆசிரியை அவர்கள் என்ன முடிவு கூறினார்கள்?" என்று எல்லாரையும் பார்த்துக் கேட்டார். நான் ஊதுகுழலுக்குள் முகத்தை மறைத்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. மதினி துப்பட்டிக்கு முன்னால் வந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நடித்தே காட்டத் தொடங்கினாள். ரொட்டிக்காரியாகக் கையைப் பிடித்தாள். இரும்பு மனுசனாக விறைத்து நின்றாள். அந்த வேகத்தில், யார் எதிரில் நிற்கிறோம் என்பதை மறந்துபோய், கழுத்தை நீட்டி, நெடுநெடுவென்று நிமிர்ந்து,

"பெண்ணே, மழை பெய்கின்றது. நான் நனைகின்றேன்" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கீழே எஞ்சின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. சின்னத் தொரை அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருடைய தமிழ் அவர் காதுக்கு முதல் தடவையாக வெளியிலிருந்து கேட்டிருக்க வேண்டும். முதலில் காது, அப்புறம் கழுத்து, அப்புறம் முகம் முழுவதும் சிவந்தது. எனக்கு வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அப்பாவுக்கு என்ன எழுதுவது என்றுகூட மனசுக்குள் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் கையை முழங்கையில் மடக்காமல் மெல்ல உயர்த்தினார். விறைத்த காலோடு இரண்டு அடி நடந்தார். கழுத்து திரும்பவில்லை. மதினிக்கு முன்னால் வந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"பெண்ணே, நான் துருப்பிடித்துவிட்டேன். உன் கம்பளியை என் கையின் மீது காயப்போடுவாயாக."

மதினி பக்கத்து ஜன்னலிலிருந்து ஒரு கம்பளியை உருவி, நீட்டிய கையில் போட்டாள். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் மேல்மாடிப் பலகை உடையாமல் இருந்தது அதிசயம்தான்.

மறுநாள் அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கோபமாக வரவில்லை. முன்ஷி சொல்லித்தராத தமிழைத் தனக்குச் சொல்லித்தர வேண்டும் என்று கேட்டார். வாரத்தில் இரண்டு சாயங்காலம் பிள்ளைகளின் பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்து படித்தார். நானும் உற்சாகமாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆள் படிப்பில் மோசமில்லை. பங்குனி மாசம் ஒருநாள் கொழுந்துக்காட்டில், அவர் வருவது தெரிந்தும் வழக்கம்போல மதினி அவருடைய ஒல்லிக்காலைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் நின்றார்.

"ஏத்தா, கொழுந்து எடுக்கியா, என் காலைப் பத்திக் கதை பேசுதியா?"

மதினி கையிலிருந்த கொழுந்தைக் கீழே போட்டுவிட்டாளாம். அன்று சாயங்காலம் கூடையை இறக்கின கையோடு நேராக என் வாசலுக்கு வந்தாள். இத்தனை நாளாக அவர் எதிரிலேயே வாய்க்கு வந்ததையெல்லாம் பேசி மனசை ஆற்றிக்கொண்டிருந்தோம், இப்போது அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டீர்களே என்று என்னிடம் சண்டைக்கே நின்றாள். "இரும்பா இருந்தப்பவே நல்லா இருந்துச்சு டீச்சர்" என்றாள்.

அடுத்த வருஷம் சின்னத் தொரை பேசும் படம் காட்டும் மெஷின் வாங்கினார். மதுரையிலிருந்து ஒரு தமிழ்ப் படம் வந்தது. நான் பழக்கத்தில் ஊதுகுழலை எடுத்துக்கொண்டு துப்பட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் வந்து, மெல்லிய குரலில், நல்ல தெற்கத்தித் தமிழில், இன்னைக்கு நீங்க போய்ச் சும்மா உக்காருங்க டீச்சர், படமே பேசும் என்றார். பெட்டி போல ஒரு மெஷின் பேச வந்ததும் எனக்கு அந்த வேலை போயிற்று. போய் மதினிக்குப் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்தேன்.

படத்தில் கதாநாயகன் பக்கம் பக்கமாகப் பேசினான். கதாநாயகியைப் பிரிந்து போகிற இடத்தில் கண்ணீரோடு அவன் வசனம் பேசப் பேச, எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அவன் உண்மையில் என்ன சொல்ல நினைக்கிறான் என்பதை எங்கள் வரிசைக்கு மட்டும் கேட்கும்படி சொல்ல ஆரம்பித்தேன். கூட்டம் முழுவதும் அழும்போது எங்கள் வரிசை மட்டும் குலுங்கியது. பின்னால் மெஷின் பக்கத்திலிருந்து ஒரு தலை திரும்பிப் பார்த்தது.

மதினி என் தொடையில் கிள்ளினாள்.

"மெதுவாச் சொல்லுங்க டீச்சர். அவருக்கு இப்பத் தமிழ் தெரியும்."